வண்டியில் ஒன்றும் இல்லை

வண்டி துள்ளுகிறது என்று முதலில் சொன்னது நான் இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த லேப் டெக்னீஷியன்தான். ஒலக்கூரைத் தாண்டி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிரியும் கிராமத்துச் சாலையில், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெரிய வேகத்தடை ஒன்று உண்டு. அதில் ஏறி இறங்கிக் கொஞ்ச தூரம் வந்த பிறகும் எங்கள் தலைகள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"இன்னாக்கா இது? ஸ்பீட் பிரேக்கர் பின்னாடி போயிடுச்சு. வண்டி இன்னும் குதிச்சிக்கினே வருது?" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

நான் அந்த நிலையத்தில் மருந்தாளுநர். வீடு விழுப்புரத்தில். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை அங்கே மாற்றினார்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஒரு பஸ், திண்டிவனத்தில் டவுன் பஸ்ஸுக்குக் காத்துக் கிடப்பது, அது போய்விட்டால் ஷேர் ஆட்டோவில் அரை உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு போவது. கொஞ்ச நாள் அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வீட்டில் கார் இருந்தது. என் கணவர் தன் அலுவலக நண்பரிடமிருந்து வாங்கிய பழைய சின்ன கார். அவர் ஸ்கூட்டரில் அலுவலகம் போகிறவர். கார் பெரும்பாலும் உறை போட்டு நிற்கும். யாராவது கல்யாணம் வைத்தால் உறையைக் கழற்றுவோம்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். பிறகு தடுக்கவில்லை. அவர் எதையும் தடுக்கிற ஆள் இல்லை. குரலை உயர்த்தவே மாட்டார். எங்கள் தெருவில் அவரைப் பற்றி யாரும் ஒரு சொல் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.

லேப் டெக்னீஷியன் என்னைவிட ரொம்பச் சின்னவள். கெடார் பக்கம் பிறந்த ஊர். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய் அவளைப் படிக்க வைத்தார்கள். கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்தவள். அவள் கணவர் ஜவுளிக்கடையில் இருந்தார். காலையில் நான்குமுனைச் சந்திப்புக்குப் பக்கத்தில் நிற்பாள், ஏற்றிக்கொள்வேன். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் வீட்டுச் சங்கதி எல்லாம் பேசி முடித்துவிடுவோம். கூட்டேரிப்பட்டு தாண்டினால் வேலை இடத்துச் சங்கதி. அந்த ஒரு மணி நேரம்தான் அப்போது என் நாளில் எனக்கென்று இருந்தது என்று சொல்லலாம்.

துள்ளுகிறது என்ற விஷயத்தைச் சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்பீட் பிரேக்கர்ல எந்த கியர்ல ஏத்தறே?"

"ரெண்டுலதாங்க."

"ரெண்டுன்னு நெனச்சிக்கினு மூணுல ஏத்துவே. குதிக்காம இன்னா பண்ணும்? பொறுமையா ஏத்து."

அந்தச் சாலையில் அவர் ஒரு நாளும் என்னோடு வந்தது கிடையாது. ஆனால் சொன்ன விதத்தில் ஒரு நிச்சயம் இருந்தது. மறுநாள் கியரைக் குனிந்து பார்த்து, இரண்டாவதில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு ஏற்றினேன். குதித்தது. முதல் கியரில் ஊர்ந்து ஏற்றினேன். அப்போதும் இறங்கிய பின் மூக்கு மேலும் கீழும் போய் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. பிரேக் போட்டால் வண்டியின் முன்பக்கம் தரையைப் பார்த்துக் குனியும். நின்ற பிறகு பின்னால் சாய்ந்து உட்காரும். நாற்கரச் சாலையில் பெரிய லாரி பக்கத்தில் கடந்து போனால், அந்தக் காற்றில் வண்டி ஒரு பக்கமாக அசைந்து, நேராக வரக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். வளைவில் திரும்பினால் எல்லாப் பாரமும் ஒரு பக்கம் போய் விழுவதுபோல் இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது எங்கிருந்தோ டொக்கென்று ஒரு சத்தம். முன்பெல்லாம் இது இல்லை. அல்லது முன்பும் இருந்து எனக்குத்தான் தெரியவில்லையா? அந்தச் சந்தேகமும் கூடவே வந்தது. மெல்ல மெல்லக் கெடுகிற எதிலும் இந்தத் தொல்லை உண்டு. இன்றைக்குத்தான் கெட்டது என்று காட்ட ஒரு நாள் கிடையாது.

ஒரு நாள் மதியம் நோயாளிகள் கூட்டம் ஓய்ந்த பின், மருந்து கொடுக்கும் ஜன்னலைச் சாத்திவிட்டு போனில் வீடியோ தேடிப் பார்த்தேன். ஒருவர் தமிழில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காரின் முன் மூலையைக் கையால் அழுத்தி விட வேண்டும். ஒரு தரம் மேலே வந்து நின்றுவிட்டால் ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது. தொடர்ந்து ஆடினால் போய்விட்டது. பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்கை அடக்கி நிறுத்துவதுதான் ஷாக், முன் சக்கரங்களில் அதுவே ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டிய ஸ்ட்ரட்டாக இருக்கும் என்றார். அது போய்விட்டால் சக்கரம் ரோட்டைப் பிடிக்காது, தத்தித் தத்திப் போகும், பிரேக் போட்டாலும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, மழையில் சறுக்கும் என்றும் சொன்னார்.

டெக்னீஷியனைக் கூப்பிட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் என் வண்டியும் டாக்டர் அம்மாவின் வண்டியும் நின்றன. என் வண்டியின் முன் மூலையை இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தி விட்டோம். அது மேலே வந்தது, கீழே போனது, மறுபடி வந்தது, மறுபடி போனது.

"மாவாட்டற மாதிரியே ஆடுதுக்கா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு டாக்டர் அம்மாவின் வண்டியை அழுத்தினோம். ஒரு தரம் எழுந்து, கல் மாதிரி நின்றது. அதற்குள் டாக்டர் அம்மா வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் என் காருக்கு ஊசி போடறீங்களா?"

விஷயத்தைச் சொன்னோம். "அப்ப உங்களுது ஷாக்தான் போயிருக்கும். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிப் பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அந்த வாரமே திண்டிவனத்தில் பஞ்சர் போட்ட இடத்திலும் இதையே கேட்டேன். கடைக்காரர் டயரைக் கழற்றி உருட்டிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து வைக்காத குறையாக அதன் மேல்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மேடும் பள்ளமுமாக, சின்னச் சின்னக் கிண்ணங்கள் வைத்து அழுத்தியதுபோல் தேய்ந்திருந்தது. "ஷாக் வேலை செய்யலைன்னா டயர் இப்படித்தான் வெட்டும் மேடம். சார்கிட்ட சொல்லிப் பார்க்கச் சொல்லுங்க." வண்டியை ஓட்டி வந்தவள் நான். அவருக்கு எதிரே நிற்பவள் நான். கேட்க வேண்டியவர் மட்டும் விழுப்புரத்தில் இருக்கிற சார்.

சாரிடம் சொன்னேன். அழுத்திப் பார்த்ததைச் சொன்னேன், டயரைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்கு என் நாத்தனாரும் அவர் கணவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

"பாத்தீங்களா, வண்டி ஓட்டக் கத்துக்கினு ஒரு வருஷம் ஆவல. இப்ப மெக்கானிக்கும் ஆயிட்டா" என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். "இவ பிரேக்கைப் போடறது இல்லீங்க, எட்டி ஒதைக்கறது. அப்ப மூஞ்சி குத்தாம இன்னா பண்ணும்?"

நாத்தனார் கணவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நகைச்சுவையாகச் சொன்னதற்குச் சண்டை போட்டால், சிரிக்கத் தெரியாதவள் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

ஆனாலும் விடவில்லை, திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை அவரே வண்டியை எடுத்துக்கொண்டு எப்போதும் விடும் மெக்கானிக்கிடம் போனார். சர்வீஸ் முடித்துச் சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்தினார். கழுவித் துடைத்திருந்தது. உள்ளே வாசனை அட்டை ஒன்று புதிதாகத் தொங்கியது.

"ஷாக் பாத்தாங்களா?"

"எல்லாம் பாத்தாச்சு. ஆயில் மாத்தியாச்சு, அலைன்மென்ட் பாத்தாச்சு. வண்டியில ஒண்ணும் இல்ல." சாவியை ஆணியில் மாட்டினார். "ஓட்டறதுலதான் இருக்குது. கொஞ்சம் பதட்டப்படாம ஓட்டு. போதும்."

நான் நம்பினேன். அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. மெக்கானிக் பார்த்துவிட்டார் என்ற பிறகு, என் கண், என் கை, முதுகில் உறைத்த குலுக்கல் எதற்கும் மதிப்பில்லை என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஆள் இல்லாத புறவழிச் சாலைப் பக்கம் போய், பிரேக்கை மெதுவாக அழுத்தப் பழகினேன். முட்டையை மிதிப்பதுபோல் மிதித்தேன். வண்டி அப்போதும் குனிந்தது. இன்னும் மெதுவாக மிதித்தேன். நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருத்தி, தெரியாது என்று நம்பிப் பழகிக்கொண்டிருந்தாள்.

டெக்னீஷியனிடமும் சொன்னேன். "வண்டியில ஒண்ணும் இல்லையாம். நான்தான் சரியா ஓட்டலையாம்."

"அப்படியாக்கா?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சர்வீஸ்ல பாத்துட்டாங்கன்னா சரிதான்" என்றாள். அன்று முதல் வேகத்தடை வருவதற்கு முன்பே கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். முன்பு வண்டி குதித்தால் சிரிப்பவள், இப்போது என் காலைப் பார்த்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை நேரம். கிராமத்துச் சாலையில் ஏரிக்கரை வளைவுக்கு முன்னால் தார் பெயர்ந்து துண்டு துண்டாகக் கிடக்கும். மெதுவாகத்தான் போனேன். அது எனக்குத் தெரியும். டெக்னீஷியனின் டிபன் பாக்ஸ் குலுக்கலில் உருண்டு அவள் காலடிக்குப் போய்விட்டது. அதை எடுக்க முன்னால் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து வளைவில் ஒரு மாடு நடுரோட்டுக்கு இறங்கியது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு குனிந்தது. சக்கரங்கள் உடைந்த தாரின் மேல் தட்தட்டென்று தத்தின. பிறகு என் கைக்குள் எதுவும் இல்லாததுபோல் வண்டி தானாகவே வழுக்கிக்கொண்டு போய், ரோட்டை விட்டு இறங்கி, வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையின் வரப்பில் இடித்து நின்றது. மாடு திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து போனது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் திரும்பினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு நடுவே இரத்தம். குனிந்திருந்தவளின் முகம் டேஷ்போர்டில் மோதியிருந்தது. முன்பல் ஒன்று உடைந்து, உதடு கிழிந்திருந்தது.

"ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். யாரோ ஒருவர் டூவீலரில் அவளை எங்கள் நிலையத்துக்கே கொண்டுபோனார். நான் பின்னால் மழையில் ஓடினேன். தினமும் எல்லோருக்கும் இரத்தம் எடுக்கிறவள் பெஞ்சில் படுத்திருக்க, டாக்டர் அம்மா அவள் உதட்டுக்குத் தையல் போட்டார். நான் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள், தையல் இழுத்ததால் முடியவில்லை.

மதியத்துக்குள் என் கணவரும் அவள் கணவரும் வந்து சேர்ந்தார்கள். அவள் கணவர் நல்ல பிள்ளை. ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். என் கணவர் போய் அவர் தோளில் கை வைத்தார்.

"மன்னிச்சிக்கோங்க தம்பி. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். பிரேக்கை அப்படிப் போடாத, அப்படிப் போடாதன்னு. கேட்டாத்தானே? அவளுக்கு இன்னும் கை வரலை."

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அவள் கணவர் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, பரிதாபம். அதற்குப் பதிலாக அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அதற்கு அப்புறம் சாவி ஆணியில் தொங்கவில்லை. அவர் அதை அலமாரிக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் போகட்டும், மனசு தேறட்டும் என்றார். நான் கேட்கவும் இல்லை. பழையபடி திண்டிவனத்துக்குப் பஸ், அங்கே இன்னொரு பஸ். டெக்னீஷியன் லீவு முடிந்து வந்து வேறு பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். ஒரே ஊரிலிருந்து ஒரே இடத்துக்குப் போகும் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காத நேரம் பார்த்துப் புறப்பட்டோம். பல்லுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பல்லைவிட அது கொஞ்சம் வெள்ளையாக இருந்தது.

பொங்கலுக்கு மகன் பெங்களூரிலிருந்து வந்தான். காணும் பொங்கலன்று கடலுக்குப் போகலாம் என்றான். கோட்டக்குப்பம் தாண்டி பொம்மையார்பாளையத்தில் கூட்டம் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று அங்கே போனோம். மகன் ஓட்டினான். அவன் அப்பா முன்னால், நான் பின்னால். ஊரைத் தாண்டவில்லை, முதல் வேகத்தடையிலேயே சொல்லிவிட்டான்.

"இன்னாப்பா, ஷாக் சுத்தமா போயிருக்குது? படகு மாதிரி ஆடுது."

"ஆமாம்பா" என்றார் என் கணவர். "மாத்தணும். நாளைக்கே விட்டுடு."

அவ்வளவுதான். கியரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, பிரேக்கைப் பற்றி ஒரு சிரிப்பு இல்லை. நான் மாதக் கணக்கில் சொன்னதை அவன் ஒரு மூச்சில் சொன்னான், இவர் ஒரு மூச்சில் ஒத்துக்கொண்டார். பின் சீட்டிலிருந்து இருவரின் பின்னந்தலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரையில் மீன் வறுத்து விற்றார்கள். வாங்கிக் கொடுத்தார் கணவர். எனக்கு அந்த முள்ளை எடுக்கக்கூடப் பொறுமை இல்லை.

பண்டிகைக் கூட்டம் ஓய்ந்து மெக்கானிக் கடை திறந்ததும் மகனோடு நானும் போனேன். கணவர் அலுவலகத்தில் இருந்தார். மெக்கானிக் குனிந்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து மகனுக்குக் காட்டினார். ஸ்ட்ரட்டின் உடம்பில் எண்ணெய் கசிந்து, அதன் மேல் புழுதி ஒட்டிக் கறுப்பாகத் திட்டுக் கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

"எப்ப இருந்து இப்படி?" என்றான் மகன்.

"போன சர்வீஸ்லயே சார்கிட்ட சொன்னேங்களே தம்பி. நாலும் போயிருக்குது, ஜோடி ஜோடியா மாத்திடுங்க, மழைக்காலம் வேற வருதுன்னு சொன்னேன். சார்தான், இப்போதைக்கு வேணாம், ஆயில் மட்டும் மாத்துன்னாரு. நானும் ரெண்டு தரம் சொல்லிப் பாத்தேன்."

கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு, "இந்த வண்டியை நான்தான் தினமும் ஓட்டறேன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?" என்று கேட்டேன்.

"தெரியுங்க மேடம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தார். "சார்கிட்ட சொல்லிட்டா உங்ககிட்ட சொல்லிடுவாருன்னு இருந்தேங்க. குடும்பத்துல நாம பூந்து பேசக்கூடாது இல்லீங்களா?"

மகன் என் முழங்கையைத் தொட்டான். "அம்மா, விடும்மா. இப்பதான் மாத்தறோம் இல்ல?"

அவனும் விடச் சொன்னான். இந்தக் கதையில் எல்லோரும் மென்மையானவர்கள்தான். ஒருவர்கூட என்னிடம் கடுமையாகப் பேசவில்லை.

மகன் ஊருக்குப் போன மறுநாள் மாலை கணவரிடம் கேட்டேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஷாக் போயிருக்குதுன்னு மெக்கானிக் அப்பவே சொன்னாராமே?"

பேப்பரை மடிக்கவில்லை. "சொன்னாம்பா. அவனுங்க அப்படித்தான் சொல்லுவானுங்க. எது விட்டாலும் ஒரு வேலை வைப்பானுங்க."

"என்கிட்ட வண்டியில ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்க."

"உன்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? சொன்னா பயந்துக்கினே ஓட்டுவே."

"நான் பயந்துக்கினுதாங்க ஓட்டினேன். என்னைப் பார்த்தே பயந்துக்கினு ஓட்டினேன். அந்தப் பொண்ணு பல்லு போச்சு."

"அதுக்கு மாடு குறுக்க வந்திச்சு. மாட்டுக்கு நான் இன்னா பண்ணட்டும்?" இப்போதுதான் பேப்பரை மடித்தார். "இத்தனை மாசம் கழிச்சி இதைக் கெளறிக்கினு. சும்மா பேஜாரு பண்ணாத. போய் வேலையைப் பாரு."

செலவுக்குப் பயந்தாரா என்றால், சர்வீஸுக்கு விட்ட அந்த மாதம்தான் வீட்டுக்குப் பெரிய டிவி வாங்கினார். வண்டி கஷ்டமாக இருந்தால் நானே ஓட்டுவதை விட்டுவிடுவேன் என்று நினைத்தாரா? அப்படியும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. எனக்குத் தோன்றுவது வேறு. மெக்கானிக் சொன்ன அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து, நீ சொன்னது சரி என்று என்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. நாத்தனார் வீட்டுக்காரர் முன்னால் சிரித்துவிட்டவருக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. அதற்காக என்னை அந்த வண்டியில் மழைக்குள் அனுப்பினார்.

மறுநாள் லேப் அறைக்குப் போனேன். டெக்னீஷியன் சிரிஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் சொன்னதை அப்படியே சொன்னேன். கை வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானே அமுக்கிப் பார்த்தோம்?" என்றேன். "நீயும் நான்தான் ஓட்டத் தெரியாம இடிச்சிட்டேன்னு நெனச்சியா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "சார் அப்படிச் சொன்னாருக்கா. கட்டினவரே சொல்றாரேன்னு நெனச்சேன். எங்க வீட்டுல அவரும் அதான் சொன்னாரு."

"இப்ப வண்டி நல்லா இருக்குது. திங்கக்கிழமையில இருந்து திரும்ப எடுக்கப்போறேன். வர்றியா?"

சிரிஞ்சுப் பெட்டியை மூடினாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அவரு வேணாங்கறாரு. பஸ்லயே வர்றேன். பழகிடுச்சு." பிறகு, நான் போகக் காத்திருப்பதுபோல் மேசையைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் அலமாரியைத் திறந்து சாவியை நானே எடுத்துக்கொண்டேன். கணவர் பார்த்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். வண்டி மாறிப்போயிருந்தது. வேகத்தடையில் ஏறினால் ஒரு தரம் இறங்கி நின்றது. லாரி கடந்தால் நேராகப் போனது. பிரேக்கை எப்படி மிதித்தாலும் மட்டமாக நின்றது. ஏரிக்கரை வளைவில் வேண்டுமென்றே ஒரு முறை அழுத்திப் பார்த்தேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லை.

சித்திரையில் ஒரு கல்யாணத்துக்குத் திண்டிவனம் போக வேண்டியிருந்தது. நாத்தனாரும் அவர் கணவரும் எங்களோடு வந்தார்கள். நான் ஓட்டினேன். இறங்கும்போது நாத்தனார் கணவர், "பரவாயில்லையே, குலுக்காம கொண்டாந்து சேத்துட்டீங்களே" என்றார்.

என் கணவர் முகத்தில் பெருமை. "அந்த ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் நல்லா கத்துக்கிட்டா. அடிபட்டாத்தான் புத்தி வருது."

"ஷாக் மாத்தின அப்புறம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார்கள். மண்டபத்துக்குள் போய்விட்டார்கள். நான் வண்டியைப் பூட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

இப்போதெல்லாம் சர்வீஸுக்கு விழுப்புரத்தில் விடுவதில்லை. திண்டிவனத்தில் வேறு ஒரு கடையில், வேலைக்குப் போகிற வழியில் விடுகிறேன். முதல் நாளே அந்த மெக்கானிக்கிடம் தெளிவாகச் சொன்னேன். வண்டியை ஓட்டுவது நான், எது கெட்டிருந்தாலும் என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று. "கண்டிப்பா மேடம்" என்று தலையாட்டி, என் நம்பரை போனில் பதிந்துகொண்டார்.

அன்று மதியம் மருந்து ஜன்னலில் கூட்டம் நிற்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. எடுத்தேன்.

"மேடம், பின்னாடி பிரேக் கொஞ்சம் தேஞ்சிருக்குது" என்றார். "சார் பக்கத்துல இருந்தா அவர்கிட்ட குடுங்களேன். சொல்லிடறேன்."

"என்கிட்ட சொல்லுங்க" என்றேன். சொல்லத் தயங்கினார். மருந்துச் சீட்டோடு நின்ற பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, எந்தப் பக்கம், எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எத்தனை நாள் தாங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பதில் வரும் வரைக்கும் போனை வைக்கவில்லை.